சாலையில் வண்டி எண்ணுவது எப்படி, எதற்கு: கேள்வி பதில்

சிவில் மாணவர்: சார், ப்ராஜெக்டுக்காக மாவட்டச் சாலை ஒன்றில் வாகனக் கணக்கெடுப்பு செய்யப்போகிறோம். ஒரு நாள், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை எடுத்தால் போதுமா?

பதில்: போதாது தம்பி. சாலை விதிமுறைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐஆர்சி) 9-ஆம் எண் வெளியீடு, ஊர்ப்புறச் சாலைகளுக்கான ஐஆர்சி 9, 1972-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: தொடர்ந்து ஏழு நாள், 24 மணி நேரமும், வருடத்துக்கு இரண்டு முறை. ஒன்று அறுவடையும் விற்பனையும் மும்முரமாக இருக்கும்போது, இன்னொன்று மந்தமான காலத்தில். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் தை மாசியில் சம்பா நெல்லோடு கொள்முதல் நிலையத்துக்கு வரிசை கட்டுகிற டிராக்டரும் லாரியும் வைகாசியில் அந்த ரோட்டில் இருக்காது. பகலில் மட்டும் நின்றால் ராத்திரி லாரிகள் மொத்தமாக விட்டுப்போகும். வாரச்சந்தை நாளை விடக்கூடாது. தேர்த் திருவிழா என்றால் முடியட்டும் என்று சில நாள் தள்ளிப்போடுங்கள்.

ஆள் பற்றாது என்றால் தினமும் 16 மணி நேரம் எடுங்கள். ஒரு நாளாவது முழு 24 மணி நேரம் எடுத்து, அந்த விகிதத்தில் மற்ற நாட்களைப் பெருக்கிக்கொள்ளலாம்.

தாளில் கால் மணிக்கு ஒரு கட்டம். வண்டிக்கு ஒரு கோடு: நாலு நேராக, ஐந்தாவது குறுக்கே. ஒரு திசைக்கு ஓர் ஆள். வந்த தாளை அன்றன்றே பாருங்கள். ராத்திரி தூங்கிவிட்டுக் காலையில் நிரப்பிய தாள் பார்த்த உடனே தெரியும்: ஒவ்வொரு கால் மணிக்கும் லாரி 6, 7, 6, 7 என்று ஒரே சீராக இருக்கும். நிஜ ரோட்டில் ரயில்வே கேட் திறந்ததும் ஒரு கட்டம் வழியும், அடுத்தது காலியாகக் கிடக்கும்.

ஒப்பந்தப் பணியில் இருப்பவர்: எல்லா வண்டியையும் கார் கணக்குக்கு மாற்றிய பிசியு மொத்தத்தை மட்டும் கொடுத்தால் போதும் என்கிறார்கள். சரியா?

பதில்: கூடாது. வண்டிவாரியாகத்தான் கொடுக்க வேண்டும். ஐஆர்சி 64-இல் கார் 1, டூவீலர் அரை, பஸ், லாரி 3, டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து 4.5, மாட்டு வண்டி 8. இது வண்டி அடைத்துக்கொள்ளும் இடத்தின் கணக்கு, ரோட்டின் அகலத்துக்கு உதவும். ரோட்டின் கனத்துக்கு அச்சுப் பாரம், அதாவது வண்டியின் ஒவ்வொரு அச்சும் ரோட்டில் இறக்கும் எடை, வேண்டும். அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும். மாட்டு வண்டிக்கு 8, லாரிக்கு 3 என்று இருப்பதைப் பார்த்தாலே புரியும், பிசியுவை வைத்துத் தார் கனம் போட முடியாது.

மென்பொருள் துறை நண்பர்: இந்தக் காலத்தில் எதற்குத் தாளும் கோடும்? 2021-லிருந்து ஃபாஸ்டாக் கட்டாயம். டோல்கேட் கணக்கை வாங்கினால் முடிந்தது.

பதில்: தேசிய நெடுஞ்சாலை டோலில் டூவீலருக்கும் டிராக்டருக்கும் கட்டணம் இல்லை, அதனால் பதிவும் இல்லை. நம் ஊர்ச் சாலையில் பாதிக்கு மேல் டூவீலராகவே இருக்கும் இடங்கள் உண்டு. இரண்டு டோல்கேட்டுக்கு நடுவில் ஏறி நடுவிலேயே இறங்குகிற வண்டியும் எதிலும் விழாது.

அதே நண்பர்: உங்கள் ஏழு நாளைவிட என் 365 நாள் மேல்தானே?

பதில்: அந்த ஒரு விஷயத்தில் மேல்தான். எந்த மாதம் கூடுகிறது, எந்த மாதம் குறைகிறது என்பதற்கு டோல் கணக்கு அருமையான ஆதாரம். ஏழு நாள் சராசரியை ஆண்டுச் சராசரியாக மாற்ற அந்த விகிதம்தான் வேண்டும். டோல் இல்லாத சாலையில் பக்கத்து பெட்ரோல் பங்குகளின் மாதாந்திர விற்பனையைக் கேட்டு வாங்குவோம்: டீசல் லாரி, பஸ்ஸுக்கு, பெட்ரோல் டூவீலருக்கு. ஆனால் விகிதம் வேறு, எண்ணிக்கை வேறு. பெருக்குவதற்கு முதலில் ரோட்டில் நின்று எண்ணிய ஓர் எண் வேண்டுமே.

இன்னொருவர்: கூகுள் மேப்பில் சிவப்பாகத் தெரிவதை வைத்து...

பதில்: அது வேகம், எண்ணிக்கை இல்லை. கேட் மூடியிருந்தாலும் சிவப்புதான்.

வேறொரு மாணவர்: ஒரு நாள் கணக்கு போதுமா சார்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

மனை வாங்க நினைப்பவர்: எங்கள் ஊருக்கு பைபாஸ் வருமா?

பதில்: மனை விஷயம் எனக்குத் தெரியாது, நிலமெடுப்பு அலுவலகத்தில் கேளுங்கள். பைபாஸ் தேவையா என்பதற்கு மட்டும் சொல்கிறேன்: ஊரின் இரு முனையிலும் எண்ணினால் போதாது. போலீஸ் உதவியோடு வண்டியை நிறுத்தி, எங்கிருந்து எங்கே என்று கேட்க வேண்டும். ஊருக்குள் வருகிறவர்களே அதிகம் என்றால் பைபாஸ் போட்டும் நெரிசல் தீராது.

இன்னும் ஒரு மாணவர்: வெறும் பீக் அவர் மட்டும் எடுத்தால்?

பதில்: சாலைச் சந்திப்புக்குச் சரி. ஆண்டுச் சராசரிக்கு ஆகாது. இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

ஊராட்சி வார்டு உறுப்பினர்: பள்ளிக்கூடத்துக்கு எதிரே நாலுவழிச் சாலை. எண்ண வந்தவர்கள் வண்டியை மட்டும் எண்ணினார்கள். குறுக்கே போகிற பிள்ளைகளை யாரும் எண்ணவில்லை.

பதில்: அம்மா, இன்றைக்கு வந்ததிலேயே முக்கியமான கேள்வி இது. வண்டிக் கணக்கில் நடக்கிறவர் வரமாட்டார். அவரைத் தனியாகத்தான் எண்ண வேண்டும், நீங்களே எண்ணலாம். பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் ஒரு மணி நேரத்தில் கடப்பவர் எத்தனை பேர், இரு திசையிலும் வண்டி எத்தனை என்று எடுங்கள். வண்டி எண்ணிக்கையை அதனாலேயே பெருக்கி, கடப்பவர் எண்ணிக்கையாலும் பெருக்குங்கள். நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் 10 கோடி, தடுப்பு உள்ள சாலையில் 20 கோடி தாண்டினால் பாதுகாப்பான கடவை கேட்க ஐஆர்சி 103-இல் இடம் இருக்கிறது. 250 பிள்ளைகள், 1,000 வண்டி என்றாலே 25 கோடி. ஒரு வாரம் எடுத்து, தேதி, நேரம், எண்ணியவர் பெயரோடு கிராமசபைத் தீர்மானத்துடன் இணைத்து அனுப்புங்கள். தாளை அனுப்பும் முன் என்னிடம் காட்டுங்கள், சரிபார்த்துத் தருகிறேன்.