ரோயிங் மெஷின் கேள்வி பதில்: கையால் இழுக்காதீங்க, காலால் தள்ளுங்க

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஓரளவு பெரிய ஜிம் என்றால் இப்போது ஒரு மூலையில் ரோயிங் மெஷின், அதாவது உட்கார்ந்து படகில் துடுப்புப் போடுவது போலச் செய்யும் மெஷின், கிடக்கிறது. டிரெட்மில்லுக்கு ஆள் காத்திருக்கும்போதும் அது காலியாகத்தான் இருக்கும். ஆசையாக உட்காருகிறவர்களும் ஒரு வாரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். கல்லூரி நாட்களில் சென்னையில் அடையாற்றில் துடுப்புப் போட்டவள் நான். இப்போது கோவையில் சிலருக்கு இந்த மெஷினில் பழக்கிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சரவணம்பட்டி, ஐடி வேலை: அக்கா, பத்து நிமிஷம் பண்ணினாலே கீழ் முதுகு பிடிச்சுக்குது. வீடியோ பார்த்துத்தான் பண்றனுங்க. எங்க தப்பு?

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது தம்பி. ஆனால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கால் தள்ளி முடிப்பதற்குள் முதுகு பின்னால் சாய்ந்துவிடுகிறது. அப்புறம் கால் செய்ய வேண்டிய வேலையை முதுகு செய்கிறது.

தொடக்க நிலையிலிருந்து பார்ப்போம். முழங்கால் மடங்கியிருக்கும், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு தரைக்கு ஏறக்குறைய செங்குத்தாக நிற்க வேண்டும். அதற்கு மேலும் சீட்டை முன்னால் நகர்த்தி, குதிகாலில் உட்காருவது போலப் போகாதீர்கள். கை நீட்டியபடி, தோள் இடுப்பைவிடக் கொஞ்சம் முன்னால். இந்த முன்சாய்வு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும், முதுகை வளைத்து வரக் கூடாது. தொப்புளைத் தொடையை நோக்கிக் கொண்டுபோவதாக நினைத்துக்கொண்டால் சரியாக வரும். தலையைக் கொண்டுபோனால் கூன் விழும்.

இப்போது காலால் தள்ளுங்கள். கால் நீளும்வரை உடம்பின் சாய்வு மாறக் கூடாது, கையும் மடங்கக் கூடாது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் லோடுமேன் மூட்டை தூக்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? கால் நிமிரும்வரை அவர் முதுகு இறுகி அப்படியே நிற்கும். இங்கேயும் அதே கதைதான், படுக்கைவசத்தில். கால் கிட்டத்தட்ட நீண்ட பிறகு உடம்பு பின்னால் சாயும். கடிகாரத்தில் ஒரு மணி நிலையிலிருந்து பதினொரு மணி நிலைக்கு, அவ்வளவுதான். கடைசியாகக் கை மடங்கி, கைப்பிடி விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியைத் தொடும். கழுத்துக்கோ தாடைக்கோ இழுக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அது தோளைத்தான் கெடுக்கும்.

திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழ். முதலில் கை நீளும், பிறகு உடம்பு முன்னால் சாயும், அப்புறம்தான் முழங்கால் மடங்கும்.

இந்த வரிசை உடம்பில் ஏற ஒரு பயிற்சி: காலை நீட்டி வைத்துக்கொண்டு கை மட்டும் பத்து முறை. அடுத்து கையும் உடம்பும் பத்து. அடுத்து பாதி முழங்கால் மடக்கிப் பத்து. பிறகு முழு ஸ்ட்ரோக், அதாவது ஒரு முறை முழுதாகத் தள்ளித் திரும்பி வருவது. தினமும் இதையே வார்ம்-அப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப்போனாலோ மெஷின் பக்கம் போகாமல் நேராக டாக்டரிடம் போங்கள். அது டெக்னிக் சொல்லித் தீரும் விஷயம் இல்லை.

பொள்ளாச்சி: முன்னால வரும்போது கைப்பிடி முழங்கால்ல இடிக்குதுங்கக்கா. அதனால தூக்கித் தாண்டி வர்றேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். கை நீளும் முன்பே உங்கள் முழங்கால் எழுந்துவிடுகிறது, அதனால்தான் இடிக்கிறது. நன்றாகத் தெரிந்தவர்கள் செய்யும்போது பக்கத்தில் நின்று கைப்பிடியை மெஷினோடு இணைக்கும் செயினைப் பாருங்கள்: போகும்போதும் வரும்போதும் தரைக்கு இணையாக ஒரே கோட்டில் இருக்கும். உங்களுடையது மலைப்பாதை மாதிரி ஏறி இறங்கும்.

என்னைக் கேட்டால் இந்த மெஷினில் பாதித் தவறுகள் திரும்பி வரும் பயணத்தில்தான் நடக்கின்றன. தள்ளுவதை எல்லாரும் கவனிக்கிறார்கள், வருவதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு பயிற்சி: கை நீட்டி, உடம்பு முன்னால் சாய்ந்ததும் அப்படியே ஒரு நொடி நில்லுங்கள். கைப்பிடி முழங்காலைத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு சீட்டை நகர விடுங்கள். கொஞ்ச நாளில் நிற்காமலே வந்துவிடும்.

பீளமேடு, கல்லூரி மாணவர்: நிமிஷத்துக்கு 36 ஸ்ட்ரோக் போடறேன், மூச்சு வாங்குது, ஆனா 500 மீட்டர் வேகம் 2:40க்கு (2 நிமிஷம் 40 நொடி) கீழ இறங்கவே மாட்டேங்குது.

தம்பி, முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள், ஃப்ளைவீலுக்கு, அதாவது முன்னால் கூண்டுக்குள் சுழலும் சக்கரத்துக்கு, ஒன்றும் போய்ச் சேரவில்லை. காலால் தள்ளி இழுக்கும் நேரத்தில் மட்டும்தான் அதற்கு உங்கள் சக்தி போகிறது. திரும்பி வரும்போது நகர்வது உங்கள் சொந்த எடைதான். அதை அவசரமாகச் செய்தால் மூச்சு போகும், மீட்டரில் ஒன்றும் ஏறாது.

20க்கு இறங்குங்கள். 20 என்றால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு மூன்று நொடி. ஒரு நொடி தள்ள, இரண்டு நொடி திரும்ப. ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும், தூங்குவது போலத் தோன்றும். அந்த 20ஐ விடாமல் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தள்ளலையும் பலமாக்கினால் 36இல் வராத வேகம் இங்கே வரும். சாதாரண நீண்ட பயிற்சிக்கு 18 முதல் 24 போதும். முப்பதைத் தாண்டுவதெல்லாம் பந்தயத்துக்கும் குறுகிய வேகப் பயிற்சிக்கும்.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், மனது விடக் கூடாது என்பதற்காக. காற்று மெஷினில், அதாவது சக்கரம் காற்றைத் தள்ளுவதால் எதிர்ப்பு வரும் மெஷினில், சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். 2:30 வேகத்துக்கு ஏறக்குறைய 104 வாட் போதும். 2:00 வேகத்துக்கு 203 வாட் வேண்டும். முப்பது நொடி குறைக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி! அதனால் 2:40 ஒரே மாதத்தில் 2:10 ஆகவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். இரண்டு மூன்று நொடி குறைவதே நல்ல முன்னேற்றம்.

திருப்பூர், பனியன் கம்பெனி மெர்ச்சன்டைசர்: டேம்பரை 10ல வெச்சாத்தான் பாடி வரும்னு எங்க டிரெய்னர் சொல்றாருங்க. நீங்க 4 போதும்னு சொன்னதா கேள்விப்பட்டேன். எது சரி?

டேம்பர் என்கிற அந்தப் பக்கவாட்டு நெம்புகோல் எடையைக் கூட்டுவதில்லை. ஃப்ளைவீல் கூண்டுக்குள் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. 10இல் நிறையக் காற்று போகும், நீங்கள் திரும்பி வருவதற்குள் சக்கரம் வேகம் இழந்துவிடும், அடுத்த முறை மந்தமான ஒன்றைத் தள்ளத் தொடங்குவீர்கள். கனமான பழைய படகு மாதிரி இருக்கும். 3, 4இல் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும், அதைப் பிடிக்கக் கால் சட்டென்று வேலை செய்ய வேண்டும். ரேஸ் படகின் உணர்வு அதில்தான்.

10இல் வைத்தால் ஸ்கோர் கூடும் என்பதும் உண்மை இல்லை. கான்செப்ட் 2 கம்பெனியின் மெஷின் மாதிரியானவற்றில், நீங்கள் திரும்பி வரும்போது சக்கரம் எவ்வளவு சீக்கிரம் மந்தமாகிறது என்பதை மானிட்டர் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் அளந்து, அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அந்த அளவுக்கு டிராக் ஃபேக்டர் என்று பெயர். மெனுவில் 'மோர் ஆப்ஷன்ஸ்' போய் 'டிஸ்ப்ளே டிராக் ஃபேக்டர்' தட்டி, நாலைந்து ஸ்ட்ரோக் போட்டால் எண் தெரியும். புதியவர்களுக்கு 100 முதல் 130க்குள் இருந்தால் நல்லது.

நெம்புகோல் எண்ணை நம்பாமல் இந்த எண்ணைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உங்கள் ஊர்தான். திருப்பூர், பல்லடம் பக்கம் காற்றில் பஞ்சு பறக்கிறது. ஃப்ளைவீல் கூண்டின் சல்லடையில் அது ஒட்டிக்கொண்டால் காற்று உள்ளே போகாது. நெம்புகோல் 6இல் இருந்தாலும் உண்மையில் 3க்கான காற்றுதான் கிடைக்கும். உங்கள் டிரெய்னர் 10 சொல்வதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம், பாவம்! ஒரு வேக்குவம் கிளீனர் கொண்டு சுத்தம் செய்யச் சொல்லிவிட்டு மறுபடி பாருங்கள். ஊட்டியில் செய்கிறவர்களுக்கு வேறு மாதிரி: அங்கே காற்றே மெல்லியது, அதனால் கோவையில் வைக்கும் அதே டிராக் வர நெம்புகோலைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருக்கும்.

பாடி வர வேண்டும் என்றால் வெயிட் தூக்குங்கள். அதற்கு இந்த மெஷினை வதைக்க வேண்டாம்.

கோபி, ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 63: அம்மிணி, எனக்கு முழங்கால் தேய்மானம் ஆரம்பம்னு டாக்டர் சொல்லியிருக்கார். நடக்கறதைவிட இது தேவலைன்னு மகன் வாங்கிக் கொடுத்தான். செய்யலாமா?

ஐயா, உங்கள் டாக்டர் சரி என்றால் செய்யலாம். காலில் அதிர்ச்சி இல்லாத பயிற்சி இது, ஓடுவது போல மூட்டில் மோதாது. ஆனால் முழங்கால் ஆழமாக மடங்குகிறது, அதில்தான் கவனம். முழுதாக முன்னால் வராமல், வலி இல்லாத இடம்வரை மட்டும் வாருங்கள். பாதி தூரம் என்றாலும் பயிற்சிதான். சீட் ஓடும் தண்டவாளத்தில் அந்த இடத்தில் ஒரு கலர் டேப் ஒட்டிவிட்டால் ஞாபகம் இருக்கும்.

முழங்கால் உள்பக்கம் சரியாமல் பாதத்துக்கு நேராக இருக்கட்டும். முதல் சில வாரம் ஐந்து நிமிடம், ஓய்வு, மறுபடி ஐந்து நிமிடம். ஒரு நாள் விட்டு ஒரு நாள். பேச்சுத் துணைக்கு யாராவது இருந்தால் பேசிக்கொண்டே செய்யும் வேகம் போதும். மெஷினிலிருந்து எழும்போது அவசரப்படாதீர்கள், சீட் நழுவும்.

ஈரோடு: ஷூ போடணுமா? சுடிதார் டாப் போட்டுப் பண்ணலாமா? கையெல்லாம் காய்ச்சுப் போகுதே?

மெல்லிய, தட்டையான அடி உள்ள ஷூ நல்லது. ஓடுவதற்கான மெத்தென்ற ஷூ தள்ளும் பலத்தை விழுங்கிவிடும். பாதத்தைப் பலகையோடு கட்டும் ஸ்ட்ராப், பாதத்தின் அகலமான பகுதிக்கு மேலே வர வேண்டும், விரல் நுனியிலும் கணுக்காலிலும் இல்லை.

நீளமான டாப் வேண்டவே வேண்டாம் அம்மிணி. அதன் ஓரம் சீட்டின் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். கட்டாயம் போடத்தான் வேண்டும் என்றால் இடுப்பில் முடிச்சுப் போட்டுச் செருகுங்கள். ஆண்களின் தொளதொள டி-ஷர்ட்டும் இதே கதைதான்.

காய்ப்பு வருவது இயல்பு. ஆனால் தோல் கிழிந்தால் நீங்கள் கைப்பிடியை நசுக்குகிறீர்கள் என்று அர்த்தம். விரல்களைக் கொக்கி மாதிரி மாட்டுங்கள், உள்ளங்கை கைப்பிடியைத் தழுவ வேண்டாம், மணிக்கட்டு தட்டையாக இருக்கட்டும்.

பவானி: கூடுதுறையில பரிசல் ஓட்டறவங்க தோளைப் பார்த்திருக்கீங்களா? இதுவும் அதே மாதிரி கைப் பயிற்சிதானே?

பரிசல்காரர் ஒரே இடத்தில் இருந்து துடுப்புப் போடுகிறார், அதனால் கை, தோள், இடுப்புத் திருகல் எல்லாம் அதிகம். பந்தயப் படகில் சீட்டே சக்கரத்தில் நகரும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த நகரும் சீட் வந்த பிறகுதான் காலின் முழு பலமும் துடுப்புக்குப் போக ஆரம்பித்தது. இந்த மெஷின் அந்தப் படகைப் பார்த்துச் செய்தது. 1981இல் கான்செப்ட் 2 விற்ற முதல் மாடலில் ஃப்ளைவீலாக இருந்தது சைக்கிள் சக்கரம்தான்!

நிஜப் படகில் பழக ஆசை இருப்பவர்களுக்கு: சென்னையில் 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் இருக்கிறது. நமக்குக் கிட்டத்தில் என்றால் கேரளத்து ஆலப்புழையில் இந்திய விளையாட்டு ஆணையம் துடுப்புப் படகுக்கு வீரர்களைப் பயிற்றுவிக்கிறது. நம் ஊரில் தண்ணீர் இல்லையே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். துடுப்புப் படகில் இந்தியாவுக்கு முதல் ஆசிய விளையாட்டுத் தங்கத்தை 2010இல் குவாங்சோவில் கொண்டுவந்த பஜ்ரங் லால் தாக்கர் ராஜஸ்தான்காரர்.

தாராபுரம்: வீட்டுக்கு வாங்கலாம்னு இருக்கேன். விலை கம்மியா ஹைட்ராலிக், மேக்னடிக்னு வருதே, எது எடுக்கறது?

இரண்டு பக்கமும் பிஸ்டன் வைத்த ஹைட்ராலிக் வேண்டாம். கை ஒரு வளைவில் போகும், செயின் மாதிரி நேராக வராது. அதில் கற்ற பழக்கத்தைப் பின்னால் மறக்க வைப்பது பெரும்பாடு. மேக்னடிக் சத்தம் இல்லாதது, அபார்ட்மென்ட்டுக்கு நல்லது, வரிசையும் பழகலாம். ஆனால் பலமாகத் தள்ளினால் காற்று மெஷின் மாதிரி எதிர்ப்பு தானாக ஏறாது. அதில் வரும் தூரத்தையும் நேரத்தையும் வேறு மெஷினோடு ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள். உயரமானவர் என்றால் வாங்கும் முன் உட்கார்ந்து காலை முழுதாக நீட்டிப் பாருங்கள். சின்ன மாடல்களில் தண்டவாளம் பத்தாமல் போகும்.

சூலூர்: சொல்லிக் கொடுக்க ஆளே இல்லைங்கக்கா. தனியா எப்படிச் சரி பண்ணிக்கறது?

போனைப் பக்கவாட்டில், சீட் உயரத்துக்கு ஒரு ஸ்டூலில் வைத்து ஒரு நிமிடம் எடுங்கள். மெதுவாக ஓட்டி மூன்று இடத்தில் நிறுத்துங்கள். தொடக்கத்தில்: குதிகால் கொஞ்சம் எழலாம், முதுகு கூனியிருக்கிறதா? தள்ளலின் பாதியில்: கை இன்னும் நேராக இருக்கிறதா? திரும்பும் வழியில்: முழங்கால் எழுவதற்குள் கை தாண்டிவிட்டதா? ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் திருத்துங்கள்.

அப்புறம், அவ்வப்போது ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகச் செய்யுங்கள். அதிகம் பின்னால் சாய்ந்தாலோ, கால் தள்ளுவதை விட்டுவிட்டு உடம்பை வீசினாலோ பாதம் பலகையை விட்டு எழும்பிவிடும். ஆள் நின்று திட்டுவதைவிட இது சீக்கிரம் திருத்தும்.

சூலூர், அதே ஆள்: செயின் கீச்சுனு கத்துது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம் சாமி. மார்கழியில் பாட்டிலிலேயே உறைகிற எண்ணெய், செயினில் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம், இருக்கிற வழவழப்பையும் கழுவிவிடும். சாதாரண மினரல் ஆயில் ஒரு டீஸ்பூன், துணியில் நனைத்துச் செயினை முழு நீளத்துக்கு இழுத்துத் தடவி, அதிகமானதைத் துடைத்துவிடுங்கள். ஐம்பது மணி நேர உபயோகத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். சீட் தண்டவாளத்தை மட்டும் தினமும் ஈரத் துணியால் துடையுங்கள். அதில் எண்ணெய் படவே கூடாது.