எலிக்குக் கொடுத்த மஞ்சள்

அன்புள்ள அக்கா,
அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி (என்சைம்) அதிகம். மஞ்சளும் மிளகும் சேர்ந்த கேப்சூல் எலிகளின் கல்லீரல் நொதிகளைச் சரிசெய்ததாக ஒரு வீடியோவில் பார்த்தேன். கொடுக்கலாமா? எங்கள் தோட்டத்து மஞ்சளைக் கொடுத்தாலும் போதுமா? டாக்டர் இயற்கை மருந்தை மதிப்பதே இல்லை. அப்பா வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார்.
ஒரு வாசகர், அரூர்

அன்புள்ள தம்பி,

கேப்சூல் வேண்டாம். இயற்கையா ரசாயனமா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

வலிப்பு மாத்திரையைக் கடைசி வரியில் எழுதுவீர்களா? கோபம்தான் வருகிறது. மருந்தை மாற்றி வெளியேற்றும் கல்லீரல் நொதிகளை மிளகின் பைப்பரின் மந்தமாக்கும். 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வில், பைப்பரின் சேர்த்ததும் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் உடலில் சேர்வது எலிகளில் 154 சதவீதமும் மனிதர்களில் 2000 சதவீதமும் கூடியது. கேப்சூல்காரர்கள் அந்த 2000ஐத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்தும் இதே பைப்பரினால் ரத்தத்தில் ஏறும், மிஞ்சினால் ஆள் நடக்கத் தள்ளாடுவார். அப்பா சாப்பிடுவது அதுதானா என்று பார்த்தீர்களா?

எஸ்ஜிபிடி மருந்தை வெளியேற்றும் அந்த நொதிகளில் ஒன்றல்ல, அது வேறு. கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டியது, செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும்.

அப்புறம் அளவு. அந்தப் பெங்களூர் எலிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் குர்குமின். மனிதக் கணக்குக்கு ஏறக்குறைய ஆறால் வகுப்பார்கள், 60 கிலோ ஆளுக்கு 20 கிராம் வரும். மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் என்பதால், அது தினம் அரைக் கிலோவுக்கு மேல் தூள். பாப்பிரெட்டிப்பட்டியில் என் பெரியம்மா வீட்டில் மஞ்சள் வேகவைக்கும் நாட்களில் தெருவே மணக்கும், மூட்டை மூட்டையாகக் கிடக்கும், ஆனாலும் குழம்புக்கு அவர் போட்டது ஒரு சிட்டிகைதான். அந்தச் சிட்டிகையை அப்பாவும் தாராளமாகச் சாப்பிடட்டும். சிட்டிகை வேறு, கேப்சூலில் அடைத்த சாறு வேறு. மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்காவில் 2022இல் ஓர் ஆய்வு வந்தது, அதில் 7 பேருக்கு ஒரே மரபணு வகை இருந்தது. உங்கள் அப்பாவுக்கு அது உண்டா என்று எந்த எலியும் சொல்லாது.

பெரியப்பா மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி குடித்ததை டாக்டரிடம் மறைத்தார், திட்டுவாரோ என்று. நீங்களும் அப்படிச் செய்யாதீர்கள் தம்பி. மாத்திரை அட்டை, ரிப்போர்ட், அந்தக் கேப்சூல் டப்பா மூன்றையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு போங்கள். சில வலிப்பு மாத்திரைகளே எஸ்ஜிபிடியை ஏற்றும், அதை டாக்டர்தான் பார்க்க வேண்டும். திட்டினால் திட்டட்டும். அதுவரை மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு திரும்பி வரும்.