எடைக்குறைப்பு முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது: ஒரு கடிதம்

வணக்கம் அக்கா,

உடற்கல்வி படித்து முடித்திருக்கிறேன். மே மாதம் அரியமான் கடற்கரைப் பக்கம், எடை கூடிய பிள்ளைகளுக்கு இரண்டு வார முகாம் நடக்கிறது. வயது 9 முதல் 14. எட்டுப் பிள்ளைகளை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் கவுன்சிலர் வேலை எனக்கு. தினமும் எடை பார்த்துச் சுவரில் எழுத வேண்டும், ஆளுக்கு நான்கு கிலோவாவது குறைய வேண்டும் என்கிறார்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வாசகர், உச்சிப்புளி

அன்புள்ள தம்பி,

அந்தச் சுவர்ப் பட்டியல் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு வாரத்தில் நான்கு கிலோ என்பது வளரும் பிள்ளைக்கு ஆகாத கணக்கு. அமெரிக்கக் குழந்தை மருத்துவ வல்லுநர்கள் 2007இல் தந்த பரிந்துரைப்படி, 6 முதல் 11 வயது வரை, பருமன் மிக அதிகமாக இல்லாத பிள்ளைக்கு மாதத்துக்கு அரைக் கிலோதான் எல்லை. பருமன் மிக அதிகமாக இருந்தாலும், 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், வாரத்துக்குச் சராசரி 900 கிராமைத் தாண்டக் கூடாது. பல பிள்ளைகளுக்கு எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் கூடும்போது சரியாகிவிடும். முதல் சில நாளில் மளமளவென்று இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். உடலில் சேர்த்துவைத்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து தீரும்போது அதோடு சேர்ந்திருந்த நீரும் போகிறது. வீட்டுக்குப் போய்ப் பழையபடி சாப்பிட்டதும் அது திரும்பி வரும். பிள்ளை தன்னைத்தானே நொந்துகொள்ளும்.

வந்த அன்றும் கிளம்பும் அன்றும் மட்டும் எடை பாருங்கள். காலையில், ஒரே மாதிரி உடையில், மற்ற பிள்ளைகள் பார்க்காத இடத்தில். எண்ணை உரக்கச் சொல்லாதீர்கள். உயரத்தையும் எடையையும் ஒப்பிடும் பிஎம்ஐ அட்டவணையில், பெரியவர்களுக்கானது இவர்களுக்குப் பொருந்தாது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி வரைபடம் 5 முதல் 18 வயதுக்கு உண்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக.

நான் அதிகம் பயப்படுவது முழங்கால் வலிக்குத்தான். ஒரு பிள்ளை காலைச் சாய்த்து நடந்து, "முட்டி வலிக்குது" என்றால் சாக்கு என்று நினைக்காதீர்கள். எடை கூடிய பிள்ளைகளுக்கு 10 வயதுக்கு மேல், தொடை எலும்பின் தலைப்பகுதி, எலும்பு வளரும் இடமான வளர்ச்சித் தகட்டில் நழுவுவது உண்டு. கோளாறு இடுப்பில் இருக்கும், வலி முட்டியில் தெரியும். அந்தப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். படுத்துக் காலைத் தானாக மடக்கச் சொன்னால் தொடை நேராக வராமல் வெளியே சாயும். நீங்கள் பிடித்துத் திருகிப் பார்க்கக் கூடாது. தைலம் தேய்த்து நடக்கவிட்டால் இன்னும் நழுவி, எலும்புக்கு ரத்த ஓட்டமே நின்றுபோகலாம். ஓர் அடிகூட நடக்கவிடாமல், அன்றே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். இரண்டு இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது புழுக்கம். நம் கரையில் மே மாதம் வியர்வை காய்வதில்லை, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. பருத்த உடம்பு சீக்கிரம் சூடேறும். காலை ஏழரைக்கு முன், மாலை ஐந்துக்குப் பின் மட்டும் ஓடி விளையாடட்டும். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால் முதல் நான்கு நாள் பாதி அளவே போதும். கால் மணிக்கு ஒரு முறை நிழலும் தண்ணீரும். பேச்சு குழறினாலோ நடை தள்ளாடினாலோ உடனே நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108ஐ அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அரியமான் பாக் விரிகுடாக் கரை, அலை குறைவு. இடுப்பளவு நீரில் நடப்பது இந்தப் பிள்ளைகளுக்கு அருமையான பயிற்சி, மூட்டில் ஏறும் பாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கடல் பக்கம் நிற்க வேண்டும். திருக்கை மணலில் புதைந்து கிடக்கும், அதனால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடக்கச் சொல்லுங்கள். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் கடல் நீரால் கழுவுங்கள். தனுஷ்கோடிப் பக்கம் கூட்டிப் போனால் நீரில் இறக்கவே வேண்டாம்.

கடலிலிருந்து ஏறியதும் ஆளுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் கட்டாயம். இங்கே நல்ல தண்ணீருக்குப் பஞ்சம்தான், ஆனாலும் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். உப்பும் மணலும் தொடை இடுக்கில் தங்கினால் ஒரே நாளில் தோல் உரிந்துவிடும். வெட்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். மறுநாள் "வரலை" என்று உட்கார்ந்துவிடும் பிள்ளையைச் சோம்பேறி என்பார்கள். எல்லோருக்கும் பொதுவாக வாஸ்லினும் முட்டி வரை நீளும் அரைக்கால் சட்டையும் கொடுத்துவிட்டால் யாரும் கேட்கவே தேவையில்லை.

சாப்பாட்டில் பட்டினி வேண்டாம். சமையலில் எண்ணெயை அளந்து ஊற்றச் சொல்லுங்கள், ஒரு தேக்கரண்டிக்கே 40 கலோரி. சாளை மீனும் சூடை மீனும் குழம்பாக இருக்கட்டும். நுங்கு தாராளமாகத் தரலாம். பதநீர் அப்படியல்ல, ஒரு டம்ளரில் நான்கைந்து தேக்கரண்டி சர்க்கரை இருக்கும். தலையணைக்கு அடியில் முறுக்குப் பொட்டலம் கிடைத்தால் மற்றவர்கள் முன் எடுத்துக் காட்டாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் இடைவெளி அதிகமோ என்று முதலில் பாருங்கள். தண்டனையாக ஓடவைப்பதும் சோற்றைக் குறைப்பதும் கூடவே கூடாது. சாப்பிட்டதும் ஒரு பிள்ளை அடிக்கடி கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கிளம்பும் நாளில் பெற்றோரிடம் கிலோக் கணக்கு பேசாதீர்கள். பிள்ளை எதை விரும்பிச் செய்தது என்று சொல்லுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமையல் என்பதை மட்டும் வற்புறுத்துங்கள். இவனுக்குக் கேழ்வரகுக் களி, தம்பிக்குப் பரோட்டா என்று பிரித்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

அன்புடன்,
அக்கா