பாட்டியின் பட்டு முதல் கலம்காரி வரை: புடவைக் கேள்விகள், பதில்கள்

பாட்டியின் காஞ்சிபுரம் பட்டு மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிகிறது. பழைய பட்டு எடுப்பவர்களிடம் போட்டுவிடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். அவர்களுக்கு வேண்டியது ஜரிகையில் இருக்கும் வெள்ளி மட்டும்தான். புடவையை எரித்து வெள்ளியைப் பிரித்துக்கொள்வார்கள். இரண்டு பேர் தறியில் உட்கார்ந்து, உடலின் இழையையும் கரையின் இழையையும் ஒன்றோடொன்று கோத்து, அதாவது கோர்வை போட்டு நெய்த கரை சாம்பலாகிவிடும்.

பல வருஷம் ஒரே மடிப்பில் கிடந்ததால்தான் கிழிகிறது. மடிந்த இடத்தில் பட்டு இழை வலுவிழக்கும், கூடவே ஜரிகைக் கம்பி பக்கத்து இழையை அறுக்கும். புடவையைக் கட்டிலில் விரித்து, ஒரு முழத்தை மட்டும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மடிப்புக் கோட்டில் மட்டும் கிழிசல், மற்ற இடத்தில் நெசவு இறுக்கம் என்றால் காப்பாற்றலாம். அதே நிறத்தில் மெல்லிய நெட் துணியைப் பின்பக்கம் கொடுத்து, சன்னமான நூலால் கையால் தைக்கச் சொல்லுங்கள். இஸ்திரி போட்டு ஒட்டுகிற துணி மட்டும் வேண்டாம். பசை இறுகியதும் அதன் ஓரத்திலேயே புதுக் கிழிசல் கிளம்பும்.

விரல் பட்டாலே பொடிகிற நிலை என்றால் இனி கட்ட முடியாது. ஆனால் அப்படிப்பட்ட புடவையிலும் முந்தானையும் கரையும் பெரும்பாலும் திடமாகவே இருக்கும். கரையைப் பிரித்துப் புதுப் பட்டில் வைத்துத் தைக்கலாம். முந்தானையைச் சட்டம் போட்டு, நேர் வெயில் விழாத சுவரில் மாட்டலாம். எதைச் செய்தாலும், வெட்டுவதற்கு முன் முழுப் புடவையையும் ஒரு தடவை போட்டோ எடுத்து வையுங்கள்.

ஜரிகை கறுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்கிறார்களே?

குத்துவிளக்குக்குப் புளி சரி. ஜரிகைக்கு வேண்டவே வேண்டாம். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளி இழையைச் சுற்றி, அதன்மேல் தங்க முலாம் பூசியது. முலாம் மிக மெல்லியது, தேய்த்தால் போய்விடும். புளியின் அமிலம் பக்கத்திலிருக்கும் சாயத்தையும் கெடுக்கும்.

வெள்ளியைக் கறுக்க வைப்பது காற்றில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்கள். வியர்வையும் சென்ட்டும் அதற்குத் துணை போகும். அதனால் சென்ட் அடிப்பதாக இருந்தால் புடவை கட்டும் முன்பே அடித்துக் காயவிடுங்கள். புடவையை ரப்பர் பேண்ட் போட்டு வைக்காதீர்கள், ரப்பரில் கந்தகம் இருக்கிறது. பூச்சி உருண்டை போடுவதானால் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வையுங்கள், புடவைமேல் படக்கூடாது. லேசாக மங்கிய ஜரிகையை அப்படியே விடுவதுதான் என் யோசனை. பழைய வெள்ளிக்கு அந்த மங்கலும் அழகுதான்.

மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கவரில் வைக்கலாமா?

கூடாது. ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். கனமான ஜரிகைப் புடவையை ஹேங்கரில் தொங்கவிட வேண்டாம். சொந்தக் கனத்திலேயே நெசவு இழுத்துக்கொள்ளும்.

கல்யாண வீட்டில் பட்டின்மேல் சாம்பார் சிந்திவிட்டது. உடனே என்ன செய்வது?

தேய்க்காதீர்கள். உலர்ந்த டிஷ்யூ பேப்பரையோ கைக்குட்டையையோ வைத்து ஒற்றி எடுங்கள். எண்ணெய்ப் பசைக்கு, கறை மேல் டால்கம் பவுடரைத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் அதன் காரத்தால் செக்கச்சிவந்துவிடும். அதனால் வீட்டில் வேறு எதுவும் முயலாமல் டிரை கிளீனிங் கொடுங்கள். கறை எங்கே, எதனால் என்று ஒரு சீட்டில் எழுதிக் குத்தி அனுப்பினால் ரொம்ப நல்லது. பாயசமும் குளிர்பானமும் காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது. இஸ்திரிச் சூடு பட்டதும் பழுப்பாக எழும்பும். சுத்தம் செய்த பிறகுதான் இஸ்திரி.

சுங்குடிப் புடவையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாதா?

போவதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அதிலும் ராத்திரி முழுக்க ஊறவைப்பதுதான் பெரிய கெடுதல். மதுரைச் சுங்குடியின் அழகே முடிச்சு போட்டதால் சாயம் ஏறாமல் நின்ற அந்த வெள்ளைப் புள்ளிகள். அதிக நேரம் ஊறினால், வெளியேறிய சாயம் புள்ளிகளுக்குள் இறங்கிவிடும். குளிர்ந்த தண்ணீரில் தனியாக, சட்டென்று அலசி, பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள்.

கஞ்சி போட்ட பருத்திப் புடவையை மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள். ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் கொள்ளைப் பிரியம்.

கலம்காரித் துப்பட்டாவில் எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் கறுப்புக் கோடு வெளுத்துவிட்டது. ஏன்?

இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்கவைத்த கரைசல்தான் அந்தக் கறுப்புக்கு மூலம். காளஹஸ்தியில் மூங்கில் பேனாவால் வரைகிறவர்கள் முதலில் துணியைக் கடுக்காய், பால் கலவையில் நனைத்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேரும்போதுதான் கோடு கறுக்கும். அமிலம் பட்டால் அந்தச் சேர்க்கை கலைந்துவிடும். போன கோட்டைத் துவைத்துத் திரும்பக் கொண்டுவர முடியாது, மறுபடி வரையத்தான் வேண்டும். இனிமேல் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசினால் போதும்.

சில்க் மார்க் சீட்டு இருந்தால் கைத்தறிப் பட்டு என்று நம்பலாமா?

இல்லை. மத்தியப் பட்டு வாரியம் முன்னின்று 2004-ல் கொண்டுவந்த அந்தச் சீட்டு, பட்டு சுத்தமானது என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். விசைத்தறிப் பட்டுக்கும் அது கிடைக்கும். ஜரிகையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கைத்தறிக்கு 2006-ல் வந்த கைத்தறி முத்திரை தனியாக இருக்கிறது. வாங்கும்போது இரண்டையும் கேளுங்கள்.

கோர்வைப் புடவை என்று சொல்லி விற்றால், கரையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். உடலும் கரையும் சேரும் இடத்தில் இரண்டு நிற ஊடை இழைகளும் (குறுக்காக ஓடும் இழைகள்) ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். விரலால் தடவினால் அந்தக் கோடு லேசாக மேடு தட்டும். உடலின் ஊடை நேரே கரைக்குள்ளும் ஓடி, கரையின் நிறத்தில் உடலின் நிறம் கலந்து தெரிந்தால் அது கோர்வை இல்லை. பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், கோர்வைக்கான விலையை மட்டும் கொடுக்காதீர்கள்.