கேட்கும் விலையும் கிடைக்கும் விலையும்: கொழும்புக் காணி பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் எங்களுக்கு 8 பேர்ச் (இலங்கையில் காணி அளக்கும் அலகு) காணி இருக்கிறது. தரகர் பேர்ச்சுக்கு ஒரு விலை சொல்கிறார். வங்கிக் கடனுக்காக வந்த மதிப்பீட்டாளர் அதைவிட வெகுவாகக் குறைத்து எழுதிவிட்டார். யாரை நம்புவது?

பதில்: தரகர் சொன்னது "போன" விலையா, "கேட்ட" விலையா என்று முதலில் பிடித்து விசாரியுங்கள். பெரும்பாலும் கேட்ட விலையாகத்தான் இருக்கும். ஓர் ஒழுங்கையில் எப்போதாவது ஒரு காணிதான் கைமாறுகிறது. அந்த ஒரு விற்பனையை வைத்துத்தான் ஒழுங்கை முழுவதும் விலை பேசுகிறது. அந்த விற்பனையின் உண்மைத் தொகையும் உறுதியில், அதாவது விற்பனைப் பத்திரத்தில், இருக்கும் என்று சொல்ல முடியாது. முத்திரைத் தீர்வை முதல் ஓர் இலட்சம் ரூபாவுக்கு 3 சதவீதம், மீதிக்கு 4 சதவீதம். ஆகவே விலையைக் குறைத்து எழுதும் ஆசை வாங்குபவருக்கு உண்டு. சந்தைப் பெறுமதிக்கே தீர்வை என்பது சட்டம். குறைத்து எழுதினால் மாகாண இறைவரித் திணைக்களம் மறுமதிப்பீடு கேட்கலாம். ஆனாலும் ஆசை போவதில்லை. சரியான விலை எந்தக் காகிதத்திலும் இல்லாத சந்தையில்தான் தரகருக்குப் பிழைப்பு.

மதிப்பீட்டாளர் பார்ப்பது வேறு கணக்கு. நீங்கள் கடனைக் கட்டாமல் விட்டால் அவசரத்தில் விற்று எவ்வளவு தேறும் என்பதே வங்கியின் கவலை. கட்டாய விற்பனைப் பெறுமதி என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கும், பாருங்கள்.

மூன்றாவது கணக்கு ஒன்றும் உண்டு. தொடர்மாடி கட்டுபவர் உங்கள் மண்ணிலிருந்து தொடங்குவதில்லை. எத்தனை வீடு கட்டலாம், ஒவ்வொன்றும் என்ன விலைக்குப் போகும் என்று பார்க்கிறார். அதிலிருந்து கட்டுமானச் செலவு, வட்டி, தன் இலாபம் மூன்றையும் கழிக்கிறார். மிஞ்சுவதுதான் உங்கள் காணியின் விலை. எத்தனை மாடி என்பதை வீதியின் அகலமும் காணியின் அளவும் தீர்மானிக்கின்றன. அதனால்தான் ஒரே ஒழுங்கையில் முகப்பிலுள்ள காணிக்கும் முடுக்கிலுள்ள காணிக்கும் அவ்வளவு வித்தியாசம். உங்கள் 8 பேர்ச்சும் பக்கத்தவரின் 8 பேர்ச்சும் சேர்ந்து 16 ஆனால், இரண்டையும் தனித்தனியே விற்றுக் கிடைப்பதைவிடக் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் கடைசியாகச் சம்மதிப்பவர்தான் அதிகம் பறிக்கலாம் என்று இரு வீட்டாருக்கும் தெரியும். அதனாலேயே பேச்சு முறிந்த வழக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பேசி முடித்துவிட்டு ஒன்றாகவே கட்டுநரிடம் போங்கள்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு காணி, தகர வேலியும் புல்லுமாகப் பல வருடமாய்க் கிடக்கிறது. இவ்வளவு விலையுள்ள இடத்தை ஏன் சும்மா விடுகிறார்கள்?

பதில்: சும்மா விடுவதற்குச் செலவில்லை, அதனால்தான். மாநகர சபையின் வரி ஆதனத்தின் ஆண்டுப் பெறுமதியை, அதாவது வருடத்துக்குக் கிடைக்கக்கூடிய வாடகையை, வைத்து அறவிடப்படுகிறது. வெறும் நிலத்துக்கு அது சொற்பம். இன்று 4 மாடி கட்டிவிட்டால் நாளை 12 மாடி கட்டும் வாய்ப்புப் போய்விடும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. கடன் வாங்கி வாங்கியவருக்கு வட்டி உறைக்கும்; முதுசமாக வந்தவருக்கு உறைக்காது. சகோதரர்களுக்கிடையே பாகப்பிரிவினை வழக்கு நடப்பதாகவும் இருக்கலாம். அப்படியானால் பேரப்பிள்ளைகள் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்!

இதற்குப் பொருளியல் சொல்லும் மருந்து பழையது. நிலத்தின் அளவு கூடவோ குறையவோ போவதில்லை. குடியிருப்பவரால் கொடுக்க முடிந்த உச்ச வாடகையைச் சொந்தக்காரர் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருக்கிறார். ஆகவே வெறும் நிலப் பெறுமதி மீது வரி போட்டால் அதை அவர் அடுத்தவர் தலையில் கட்ட முடியாது. நில வாடகை மீதான வரி நிலக்காரர் மீதே விழும் என்று ஆங்கிலப் பொருளியலாளர் டேவிட் ரிக்காடோ 1817இல் எழுதினார். ஆனால் வரி போட உரிமையாளர் யாரென்றும் பெறுமதி எவ்வளவென்றும் தெரிய வேண்டும். நம் நாட்டில், காணி யாருடையது என்பதை அரசே பதிந்து உறுதிப்படுத்தும் உரித்துப் பதிவுச் சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. ஆனாலும் இன்னும் உறுதிக் கட்டுகளைப் புரட்டித்தான் காணி வாங்குகிறோம்.

கேள்வி: 2022 நெருக்கடிக்குப் பின் என் தெஹிவளைக் காணியின் விலை ஒன்றரை மடங்காகிவிட்டது. இலாபம்தானே?

பதில்: ரூபாவில் இலாபம். டொலர் அந்தக் காலத்தில் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. அந்த விலையில் கணக்குப் பார்த்தால், முன்பு 100 டொலர் பெற்ற காணி ஒன்றரை மடங்கான பின்னும் 83 டொலர்தான் பெறும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். பணத்தைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தவரைவிட நீங்கள் தப்பினீர்கள், அவ்வளவுதான். விற்கும்போது மூலதன ஆதாய வரியும் உண்டு. 2018 ஏப்ரலில் மீண்டும் வந்த அந்த வரி ரூபாவில் கூடியதைத்தான் பார்க்கிறது. பணவீக்கத்தைக் கழித்துத் தருவதில்லை.

கேள்வி: துறைமுக நகரம் வந்தால் கொழும்பில் காணி விலை இறங்குமா?

பதில்: இறங்காது. கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் பெரிய நிலம்தான். ஆனால் அது பெரிய முதலீட்டாளருக்கு நீண்டகாலக் குத்தகைக்குப் போகும் நிலம். கல்கிசையில் 10 பேர்ச் தேடும் ஆசிரியர் அங்கே போகப் போவதில்லை.

கேள்வி: மகன் கனடாப் பிரஜை. கொழும்பில் அவர் பெயரில் வீட்டுக் காணி வாங்கலாமா?

பதில்: இரட்டைக் குடியுரிமை இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் காணியை வெளிநாட்டவர் பெயருக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. தொடர்மாடி வீட்டுக்கு, வெளிநாட்டிலிருந்து முழுப் பணமும் வருவது போன்ற நிபந்தனைகளோடு, விலக்கு உண்டு. புலம்பெயர்ந்தோர் பணம் காணியை விட்டுத் தொடர்மாடிப் பக்கம் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். தொடர்மாடி எழுப்பக்கூடிய ஒழுங்கைகளில் காணி விலையை அது ஏற்றியும் விடுகிறது. மச்சான் பெயரில் வாங்கி வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மச்சான் நல்லவராக இருக்கலாம். அவருக்குப் பின் உரித்து அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். முதலில் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.