திப்பி போட்ட பாதி மட்டும் மஞ்சளிப்பது ஏன்?

கேள்வி: சேகோ (ஜவ்வரிசி) ஆலையிலிருந்து இரண்டு டிராக்டர் ஈரத் திப்பி (கிழங்குச் சக்கை) வாங்கி, ஒரு ஏக்கர் காட்டில் பாதிக்குக் கொட்டி உழுது, ஒரு வாரத்தில் மக்காச்சோளம் விதைத்தேன். திப்பி போட்ட பாதி மட்டும் மஞ்சளித்து நிற்கிறது. திப்பியில் விஷம் உண்டா? இதைப் போட்டால் யூரியாவே வேண்டாம் என்றார்களே?
– வாசகர், ஆத்தூர்

பதில்: விஷம் காரணமன்று, தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறைதான். குச்சிக்கிழங்கை (மரவள்ளி) அரைத்து மாவுப்பாலைப் பிரித்தபின் எஞ்சும் திப்பியில் நாரும் மாவும் மிகுதி, தழைச்சத்து மிகக் குறைவு. பச்சையாக மண்ணில் சேர்ந்ததும், அந்த மாவைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்வதால் பயிர் பட்டினி கிடக்கிறது. அடியிலையைப் பாருங்கள்: மஞ்சள் நுனியில் தொடங்கி நடுநரம்பை ஒட்டி உள்ளே இறங்கியிருந்தால் இதுதான், இலையின் ஓரம் மட்டும் கருகியிருந்தால் அது சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறை. இப்போதைக்கு அந்தப் பாதிக்கு யூரியாவைத் தவணைகளாகப் பிரித்து, ஈரம் இருக்கும்போது மேலுரமாக இடுங்கள்.

அடுத்த முறை திப்பியை மக்கவைத்தே பயன்படுத்துங்கள். ஈரத் திப்பி பிசைந்த மாவுபோல் இறுகிக் காற்றை அடைத்துவிடும். எனவே நறுக்கிய சோளத்தட்டையோ கடலைத்தொலியோ கலந்து, நாமக்கல் பக்கம் கிடைக்கும் கோழி எருவையும் பழைய சாணத்தையும் அடுக்கடுக்காகப் போட்டு, பதினைந்து நாளுக்கொரு முறை புரட்டுங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், நீர் ஒழுகக் கூடாது. ஏறத்தாழ மூன்று மாதத்தில் சூடும் புளித்த வாடையும் அடங்கிக் குவியல் கறுத்துவிடும்.

யூரியாவை நிறுத்தலாமா என்றால், கணக்கைப் பாருங்கள். 45 கிலோ மூட்டை யூரியாவில் ஏறத்தாழ 21 கிலோ தழைச்சத்து. மக்கிய எருவில் நூற்றுக்கு ஒரு பங்கு என்று தாராளமாக வைத்தாலும் டன்னுக்கு 10 கிலோதான், அதிலும் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதியே. எரு செய்யும் வேலை வேறு: மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைத்து, இட்ட உரம் நீரோடு வழிந்து போகாமல் தடுக்கும். சூப்பர் பாஸ்பேட்டை எருவோடு கலந்து இடுவதும் நல்லது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) பயிருக்குக் கிடைக்காமல் கட்டுண்டுபோவது அதனால் குறையும். உரத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதைச் சேலம் மாவட்டச் சந்தியூர் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் மண்ணைப் பரிசோதித்தபின் முடிவு செய்யுங்கள்.

ஆலையில் கிழங்குத் தோலும் கிடைத்தால் அதையும் இதே குவியலில் சேர்க்கலாம். சயனைடு தோலில்தான் கூடுதல் என்பதால் பச்சையாக மாட்டுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.