பழைய கன்டெய்னரில் விதைநெல் சேமிக்கலாமா?

வயலோரம் பழைய இருபதடி கன்டெய்னரை இறக்கி, அதில் விதைநெல் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கஜா புயலில் கொட்டகையைப் பறிகொடுத்தவராகத்தான் இருப்பீர்கள், நானும் அப்படித்தான். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் களத்துமேட்டில் இருந்த தகரக் கொட்டகை 2018 நவம்பர் 16 விடியலில் கூரையோடு பறந்துபோக, தையில் தெளிக்க வைத்திருந்த உளுந்து விதை முழுவதும் ஊறி அழிந்தது. கோயில் நிலத்துக் குத்தகைக்காரனாகிய என் பெயர் பட்டாவில் இல்லையென்று சொல்லி நிவாரணமும் மறுத்துவிட்டார்கள். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

அதன்பிறகு நானும் ஒரு பழைய கன்டெய்னர் வாங்கினேன். அந்தப் பணத்துக்கு ஓர் அறையே கட்டியிருக்கலாமே என்று சொல்ல வருவோர், குத்தகை நிலத்தில் எழுப்பிய சுவரைப் பெயர்த்து எடுத்துப் போக முடியாது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்க லாரித் தொழிலதிபர் மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளை 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அன்று தொடங்கி, சரக்கைப் பிரிக்காமலே லாரிக்கும் கப்பலுக்கும் மாற்றவும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் சீர்செய்யப்பட்டு வந்த பொருள் இது. அடுக்கின் சுமையை நான்கு மூலைத் தூண்களே தாங்குகின்றன. இதை அறியாமல் நான் வெறும் செங்கல் அடுக்கின்மேல் இறக்கி வைத்தேன். ஐப்பசி மழையில் களிமண் இளகி ஒரு மூலை இரண்டு விரற்கடை இறங்க, சட்டம் கோணி, கதவின் பூட்டுக்கம்பி கொக்கியில் விழ மறுத்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, நான்கு மூலைக்கும் கான்கிரீட் பீடம் போட்ட பிறகுதான் கதவு சாத்தியது.

அதைவிடப் பெரிய இழப்பு நெல்லில் வந்தது. மழையை உள்ளே விடாத பெட்டி, ஈரத்தை வெளியேயும் விடாது. சரியாகக் காயாத சம்பா விதையை மாசியில் அடுக்கினேன். பகல் வெயிலில் நெல்லிலிருந்து எழுந்த ஆவி, பின்னிரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும் அதில் முத்துமுத்தாகக் கோத்து மூட்டைகளின் மேலேயே சொட்டியிருக்கிறது. மேல்வரிசைச் சாக்கைத் தொட்டால் கை நனைந்தது. உள்ளே நெல் கறுத்துப் பூசணம் பிடித்திருந்தது. இப்போது ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டிய மூட்டை எதையும் ஏற்றுவதில்லை. எதிரெதிர்ச் சுவர்களில் வலையடித்த காற்றுத்துளைகள் வெட்டியிருக்கிறேன். கூரைக்கு ஒரு முழம் மேலே கீற்றுப் பந்தலும் உண்டு.

தரைப் பலகைக்குப் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள். அதன் விவரம் கதவில் அறைந்த தகட்டில் இருக்கும். ஆகவே மூட்டைகளை மரச்சட்டத்தின்மேல்தான் அடுக்க வேண்டும். வாங்கும்போது புதுப் பெயின்டைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நண்பகலில் உள்ளே நின்றுகொண்டு கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லுங்கள். கூரையில் ஊசிமுனையளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம்.